புதினாத் தண்டு மடியுது, கற்பூரவல்லி நசுங்குது: எடை குறைந்த ஸ்னிப் எதைப் பார்த்து வாங்கணும்?

முத்துநகர் மாடி:
வணக்கம். தூத்துக்குடியில் மாடித்தோட்டம். புதினா, திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி, கொத்தமல்லி, செவ்வந்தி, கொஞ்சம் ரோஜா. எல்லாத்துக்கும் ரோஜாவுக்கு வாங்கின கவாத்து கத்தரி ஒண்ணுதான், எடை 235 கிராம். புதினாத் தண்டு வெட்டுப்படாம மடிஞ்சு ரெண்டு கத்திக்கும் நடுவுல சொருகிக்குது. கற்பூரவல்லி வெட்டுவாய் நசுங்கி ரெண்டு நாள்ல கறுத்து அழுகுது. பெரும்பாலும் அம்மாதான் வெட்டுறாங்க, கட்டைவிரல் அடிமூட்டு வலிக்குதுன்னு சொல்றாங்க. எடை குறைந்த ஸ்னிப் (மெல்லிய தண்டு வெட்டுற சின்னக் கத்தரி) ஒண்ணு வாங்கலாம்னு பார்த்தா 150 ரூபாயிலிருந்து ஆயிரக்கணக்கு வரைக்கும் இருக்கு. எடையை மட்டும் பார்த்தா போதுமா?

சாணைக்கல்:
வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, செய்தித்தாள் ஒரே தாளை எடுத்து, கத்தியோட அடிப்பகுதியில் ஒரு தடவை, நுனியில் ஒரு தடவை வெட்டிப் பாருங்க. ரெண்டு இடத்துலயும் சுத்தமா வெட்டுதா, இல்ல நுனியில் தாள் மடியுதா? இன்னொண்ணு, அம்மா எந்தக் கையால வெட்டுறாங்க?

முத்துநகர் மாடி:
அடியில் வெட்டுது, நுனியில் மடியுது. அம்மா இடது கை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

சாணைக்கல்:
நிறைய இருக்கு. கடையில் கிடைக்கிற கத்தரி பெரும்பாலும் வலது கைக்குச் செஞ்சது. வலது கையால அழுத்தும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் கைப்பிடிகளைத் தள்ளுற திசை, கத்திகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைக்கும். அதையே இடது கையில் பிடிச்சா அந்த விசை தலைகீழாகி, கத்திகள் விலகும். முடி கனத்துக்கு இடைவெளி வந்தாலே போதும், மெல்லிய தண்டு வெட்டுப்படாம அதுக்குள்ள மடங்கிடும். ரோஜாக் குச்சி கெட்டியா இருக்கிறதால மடங்காது, அதனால குறை தெரியாது. புதினாவில்தான் தெரியும்.

இதோட திருகு தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, ஒரு கைப்பிடியை மட்டும் பிடிச்சு மற்றதை முழுசாத் திறந்து விடுங்க. சடார்னு விழுந்தா தளர்வு, அசையாம நின்னா இறுக்கம். மெதுவா இறங்கிப் பாதியில் நிக்கணும். நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்றா இறுக்கிப் பாருங்க, ஒரேயடியா முறுக்காதீங்க.

நாலுமுழம்:
கத்தரியைச் சரிபண்ணினாலும் கற்பூரவல்லிக்கு அது தோதுப்படாதுங்க. கவாத்து கத்தரியில் ஒரு பக்கம்தான் கூரான கத்தி, மறுபக்கம் மழுங்கலான கொக்கி. கொக்கி தாங்கிப் பிடிக்க, கத்தி அறுக்கும். அதனால கொக்கிப் பக்கம் இருக்கிற தண்டு எப்பவும் கொஞ்சம் நசுங்கும். ரோஜாவில் கொக்கி வெட்டி எடுக்கிற பக்கம், கத்தி செடியில் நிக்கிற பக்கம்னு பிடிச்சாப் பிரச்சினை இல்ல. கற்பூரவல்லித் தண்டு முழுக்கத் தண்ணி, எந்தப் பக்கம் நசுங்கினாலும் அழுகல் உள்ளே இறங்கிடும். ஸ்னிப்பில் ரெண்டு கத்தியும் மெல்லிசு, ரெண்டும் கூர். வித்தியாசம் அங்கதான், எடை அடுத்த விஷயம்.

கனக்கணக்கு இப்படி வச்சுக்கலாம்: கொத்தமல்லி, புதினா, செவ்வந்தி எல்லாம் 5, 6 மில்லிமீட்டருக்குள்ள, அது ஸ்னிப்போட வேலை. ரோஜாவில் பென்சில் கனம் வந்துட்டா கவாத்து கத்தரிதான். மல்லிகையை நவம்பர் கடைசியில் அரை மீட்டர் உயரத்துக்குக் கவாத்து பண்றவங்க ஸ்னிப்பை அதுல விட்டா கத்தி நுனி திருகிடும், அப்புறம் புதினாவுக்கும் உதவாது.

பின்னலாடை:
திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுற டிரிம்மர் இருக்குமே, உள்ளங்கைக்குள்ள அடங்குறது, அதை வாங்கிக்கலாமே. விலையும் ரொம்பக் கம்மி, எடையே தெரியாது.

நாலுமுழம்:
கொத்தமல்லி இலைக்கு ஓகே. ஆனா கத்தி சின்னது, வாய் அதிகம் திறக்காது. திருநீற்றுப்பச்சிலைத் தண்டைக் குடுத்தா ரெண்டு மூணு கடி கடிக்கும், கடிச்ச இடம் கந்தல். அதுக்குப் பூட்டும் கிடையாது. சட்டைப்பையில் போட்டுக் குனிஞ்சா குத்தும்.

சாணைக்கல்:
இனி வாங்குற விஷயம். நல்ல ஸ்னிப் பெரும்பாலும் 60 முதல் 120 கிராமுக்குள்ள இருக்கும். இந்த எல்லைக்குள்ள வந்துட்டா 20 கிராம் கூடக் குறைய இருக்கிறது கைக்குத் தெரியாது. அம்மா கையை வலிக்க வைக்கிறது ஸ்பிரிங். ஒவ்வொரு வெட்டுக்கும் அதை எதிர்த்து அழுத்தணும், நூறு வெட்டுன்னா நூறு தடவை. கடையில் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் ரெண்டை மட்டும் வச்சு முழுசா மூடிப் பாருங்க. சிரமமில்லாம மூடினா அதை எடுங்க. திறந்து நிக்கும்போது கைப்பிடி விரிவு உள்ளங்கைக்குள்ள அடங்கணும், விரல் எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தா வேண்டாம்.

விரல் வளையம் உள்ள கத்தரிக்கோல் வகை வேண்டவே வேண்டாம். அதைத் திறக்கிறதும் கட்டைவிரலோட வேலை, மூட்டு வலிக்கு அதுவே ஆகாது. இடது கைக்கும் அதுதான் மோசம். நேர்க்கைப்பிடி ஸ்பிரிங் வகையில் உள்ளங்கையால நேரா அழுத்துறதால பக்கவாட்டு விசை குறைவு, எந்தக் கையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெட்டும். பூட்டு எங்க இருக்குன்னும் பாருங்க. கட்டைவிரலால தள்ளுற பூட்டு பெரும்பாலும் வலது கைக்காரருக்குத் தோதான பக்கத்துல இருக்கும். கைப்பிடி வாலில் வளையமோ கொக்கியோ மாட்டுற வகைன்னா எந்தக் கைக்கும் சரி.

எஃகு: உங்க ஊர் உப்புக்காத்துக்கு உயர்கார்பன் எஃகு வாங்கினா ஒரு ராத்திரி ஈரத்தோட விட்டாலே துரு பூக்கும். கூர் அதிக நாள் நிக்கும்கிறது உண்மைதான், ஆனா தினமும் துடைக்கிறவங்களுக்குத்தான் அது. நீங்க ஸ்டெயின்லெஸ் எடுங்க, 420 மாதிரி கடினமாக்கக்கூடிய ரகம். விளம்பரத்துல கத்தி 304 ஸ்டெயின்லெஸ்னு பெருமையாப் போட்டிருந்தா விட்டுடுங்க. 304 பாத்திரத்துக்கு நல்லது, சூடேத்திக் கடினமாக்க முடியாததால கூர் நிக்காது. கையில் ஒரு காந்தம் கொண்டு போங்க: 420 இறுகப் பிடிக்கும், 304 பிடிக்காது, இல்ல லேசாத்தான் பிடிக்கும்.

கடைசியா, நடுவுல திருகும் நட்டும் இருக்கிறதா எடுங்க. ரிவிட் அடிச்சது தளர்ந்தா அதோட முடிஞ்சது.

முத்துநகர் மாடி:
நட்டை இறுக்கினேன். வலது கையில் நுனி வரைக்கும் தாள் வெட்டுது, இடது கையில் இன்னும் கொஞ்சம் மடியுது. அப்போ நேர்க்கைப்பிடி ஸ்னிப்தான். இன்னொரு கேள்வி: பச்சிலைப் பிசின் கறுப்பா ஒட்டி ரெண்டு கைப்பிடியும் ஒட்டிக்குது. தேங்காய் எண்ணெய் போடலாமா?

நாலுமுழம்:
பிசினை இளக்கத் தேங்காய் எண்ணெய் நல்லது. பஞ்சில் தொட்டுத் தடவி அஞ்சு நிமிஷம் விட்டு, சோப்புத் தண்ணில கழுவித் துடைங்க. ஆனா அதையே கத்தியில் பூசி வைக்காதீங்க, நாளாக நாளாகப் பிசுக்கா மாறித் திருகில் அடைஞ்சுக்கும். சமையலுக்கு வெட்டுற கத்திங்கிறதால மெஷின் எண்ணெயும் வேண்டாம். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கிடைக்கும், திருகில் ஒரு சொட்டு, கத்தியில் லேசாத் தடவித் துடைச்சாப் போதும்.

செடி விட்டுச் செடி போகும்போது சர்ஜிகல் ஸ்பிரிட் நனைச்ச பஞ்சால துடைங்க. ப்ளீச்சிங் கரைசல் வேண்டாம், ஸ்டெயின்லெஸையும் அரிக்கும். ஒரு நோயாளி ரோஜாவை வெட்டிட்டுத் துடைக்காம அடுத்ததைத் தொட்டா எந்தக் கத்தியா இருந்தாலும் பயனில்ல.

சாணைக்கல்:
கூர் போனா தெருவில் வர்ற சாணைக்காரர்கிட்ட ஸ்னிப்பைக் குடுக்காதீங்க. அவர் அரிவாளுக்கு நல்லவர். சக்கரத்துல மெல்லிய கத்தி சட்டுனு சூடாகி நீலம் பாயும், நீலம் பாய்ஞ்ச இடத்துல எஃகு இளகிடும். 600 கிரிட் (சொரசொரப்பின் அளவு) வைர அரம் ஒண்ணு வாங்கி, சரிவா இருக்கிற பக்கத்தை மட்டும், ஏற்கனவே இருக்கிற சரிவோட ஒட்டி, அடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் ஏழெட்டு இழுப்பு. ரெண்டு கத்தியும் உரசுற தட்டையான உள்பக்கத்துல பிசிறு போக ஒரே ஒரு இழுப்பு, அதுவும் அரத்தைப் படுக்க வச்சு. உள்பக்கத்தைச் சரிவாத் தேய்ச்சுட்டா மறுபடியும் நடுவுல இடைவெளி விழும், புதினா மறுபடியும் மடங்கும்.

பின்னலாடை:
வெட்டும்போது நுனியாலயா, நடுவாலயா?

நாலுமுழம்:
தண்டுக்கு நடுப்பகுதி. நுனி, செவ்வந்தியில் வாடின பூவை மொட்டுகளுக்கு நடுவுலேருந்து எடுக்கிறதுக்கு. புதினா, பச்சிலை ரெண்டுலயும் கணுவுக்கு மேல அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டணும், கீழே குறைஞ்சது ரெண்டு கணு நிக்கணும். கொத்தமல்லியில் வெளி இலைகளை மட்டும், நடுக்குருத்தைத் தொடாம. காலையில் பனி காய்ஞ்சதும் வெட்டினா நல்லது, ஈரத்தோட வெட்டினா வெட்டுவாய் ஆறத் தாமதமாகும்.