முக்கூர்த்தியில் மலைச் சைக்கிள் ஓட்ட முடியுமா? இறக்கத்தில் பின் பிரேக் அமுங்கிப்போவதற்கும் வழி சொல்லுங்கள்

பீளமேடு பெடல்:
வணக்கம். ஜனவரி கடைசியில் நண்பர்கள் இரண்டு பேரோடு நீலகிரிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். கைபேசி வரைபடத்தில் பார்சன்ஸ் வேலியில் தொடங்கி, போர்த்திமந்து நீர்த்தேக்கத்தை ஒட்டி, முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் புகுந்து அப்பர் பவானி வரைக்கும் ஒரு கோடு தெரிகிறது. புல்வெளி, நடுவே சோலை, ஆள் நடமாட்டம் இல்லாத பாதை. படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அதில் சைக்கிள் விட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இரண்டாவது தொல்லை பிரேக். சென்ற முறை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, குஞ்சப்பனை வருவதற்குள் பின் பிரேக் லீவர் கைப்பிடியில் போய் முட்டிவிட்டது. சக்கரம் நிற்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழையபடி வேலை செய்கிறது! ஆயிலில் இயங்கும் டிஸ்க் பிரேக், 160 மில்லிமீட்டர் டிஸ்க். முன் பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
தம்பி, முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: முடியாது. முக்கூர்த்தி 1990 முதல் தேசியப் பூங்கா. 78 சதுர கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் மையப் பகுதிகளில் அதுவும் ஒன்று. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே கால் வைத்தாலே 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு. சைக்கிளைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் மீட்பதற்குள் அடுத்த சீசனே வந்துவிடும். வரைபடத்துக் கோடு என்னவென்று கேட்கிறீர்களா? வேட்டைத் தடுப்புக் காவலர்களும் மின்வாரியத்து ஆட்களும் நடந்து நடந்து விழுந்த தடம். யாரோ கைபேசியோடு ஒருமுறை போயிருப்பார், கோடு விழுந்துவிட்டது. கோடு இருக்கிறது என்பதற்காக வழி இருக்கிறது என்று ஆகிவிடாது.

பீளமேடு பெடல்:
அண்ணா, வெளிநாடுகளில் சில தேசியப் பூங்காக்களில் சைக்கிளுக்கென்றே தனித்தடம் போட்டு, வரைபடமும் அச்சடித்துக் கொடுக்கிறார்களே? நாங்கள் குப்பை போட மாட்டோம், சத்தம் போட மாட்டோம். சக்கரம் உருண்டு போவதால் காட்டுக்கு என்ன கெடுதல்?

அவலாஞ்சி மழை:
நான் குந்தா பக்கத்து ஆள், நான் சொல்கிறேன். அங்கே புல்லுக்கு அடியில் இருப்பது சாதாரண மண் இல்லை. பள்ளங்களில் கருப்பாக, ஊறிப்போன கரிச்சேறு. நடக்கிறவன் கால் விட்டு விட்டுப் பதியும். சக்கரம் சரிவில் ஒரே நீளமாகக் கோடு கிழித்துவிட்டுப் போகும். அடுத்த தென்மேற்குப் பருவமழையில் தண்ணீருக்கு அந்தக் கோடே வாய்க்கால். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கிறதா? அப்படிப்பட்ட இடத்தில் விரல் ஆழத்துக்கு ஒரு கீறல் இருந்தால் போதும், சில வருடங்களில் ஆள் இறங்கி நிற்கிற பள்ளமாகிவிடும். வரையாடு மேய்கிற சரிவும் அதுவேதான். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் சேர்த்தே 1,031 வரையாடுகள்தான் தேறின.

அந்த நிலத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு நடங்கள். அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. தொடக்கத்தில் 40 நடைவழிகள், பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி குடிலுக்குப் போவதும் அவற்றில் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரர்:
பிரேக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். காட்டை விட அதுதான் அவசரம். தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது லீவரை அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, பஞ்சு போல இருக்கிறதா? பின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் உரசல் சத்தம் வருகிறதா? கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது?

நாலுகால் பாய்ச்சல்:
இதற்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா? பைக் மெக்கானிக்கிடம் போனால் பிரேக் ஆயில் பாட்டிலே கிடைக்கும், மேலே ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். உரசினால் சங்கிலிக்கு அடிக்கிற ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்துவிடுங்கள்.

பட்டறைக்காரர்:
இவர் சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவது டாட் வகை ஆயில். சைக்கிள் பிரேக்குகளில் பல மினரல் ஆயிலுக்காகச் செய்தவை. ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் உப்பிப்போய் மொத்த பிரேக்கும் குப்பைக்குத்தான். லீவரின் மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும், படித்துவிட்டு ஊற்றுங்கள். டிஸ்க்கில் ஸ்பிரே பட்டால் அதை அழுத்திப் பிடிக்கிற பேட் எண்ணெயைக் குடித்துவிடும். அதன்பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பிடிக்காது.

பீளமேடு பெடல்:
ஐயா, குளிரில் லீவர் கல் மாதிரி இருக்கிறது. சுழற்றினால் மெல்லிய உரசல் சத்தம், இரண்டு சுற்றில் சக்கரம் நின்றுவிடுகிறது. மூடியில் மினரல் ஆயில் என்று போட்டிருக்கிறது. வாங்கியதிலிருந்து ஆயிலைத் தொட்டதே இல்லை.

பட்டறைக்காரர்:
அப்படியென்றால் விஷயம் பிடிபட்டுவிட்டது. குளிரிலேயே பஞ்சு போல இருந்தால் குழாயில் காற்று. லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் எரிந்துவிட்டது, அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கிறது. குளிரில் கெட்டி, சூட்டில் தொங்கல், ஆறினால் மறுபடி கெட்டி என்றால் காலிபருக்குள், அதாவது பேட்கள் உட்கார்ந்திருக்கிற கவ்விக்குள், ஏதோ கொதிக்கிறது. மினரல் ஆயில் தண்ணீரோடு கலக்காது. மாற்றாமல் விட்ட ஆயிலில் சேர்கிற ஈரம் அடியில், அதாவது சூடு அதிகமாக இருக்கிற காலிபரிலேயே, போய்த் தங்கும். அந்தத் துளி கொதித்து ஆவியானால் நீங்கள் அழுத்துவது ஆயிலை அல்ல, ஆவியை.

சூடு ஏன் இவ்வளவு ஏறியது என்பது அடுத்த கேள்வி. பேடைத் தள்ளுகிற ஒரு பிஸ்டன் உள்ளே திரும்பாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உரசல். காலிபருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், இரண்டு பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்காது என்று நினைக்கிறேன். பேட் மெலிந்தால் டிஸ்க்கின் சூட்டைத் தடுக்க நடுவில் எதுவும் இல்லை, நேராக ஆயிலுக்குப் போகும். இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படக் கூடாது: முன் பிரேக்கைத் தொடவே பயந்து, பின் பிரேக்கை மட்டும் இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தீர்களா?

பீளமேடு பெடல்:
ஆமாம் ஐயா. முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சிறுவயதிலிருந்தே சொல்லி வளர்த்துவிட்டார்கள்.

பட்டறைக்காரர்:
எல்லா வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான். உடம்பைப் பின்னால் தள்ளி, ஒரு விரலால் படிப்படியாக அழுத்தினால் குப்புற விழ மாட்டீர்கள். வளைவுக்கு முன்பே இரண்டையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க்குக்குக் காற்றுப் படும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கோணிக்கொள்ளும். இப்போதைக்குப் பேட் மாற்றி, பிஸ்டனைச் சுத்தம் செய்து, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதிது ஊற்றி, குழாயில் நிற்கிற காற்றை எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சூடேறினால் 180 டிஸ்க் போடலாம், ஆனால் உங்கள் ஃபிரேம் அதைத் தாங்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
பிரேக் சரியானால் எங்கள் ஊர்ப்பக்கமே வாருங்கள், ஜனவரிக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், தடம் காய்ந்திருக்கும். கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்குச் சுமார் 18 கிலோமீட்டர் தார்ச்சாலை. முனையில் நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா, எதிரே ரங்கசாமி மலை. வழியில் இரண்டு பக்கமும் தேயிலைக்குள் கிளைச்சாலைகள் பிரியும். கல் பதித்தவை, மண்சாலை, நடுவில் புல் முளைத்த டிராக்டர் தடம் என்று எல்லா வகையும் உண்டு. கை வலிக்கும் வரை ஓட்டலாம். சிறுவிவசாயிகளின் தோட்டம் என்றால் எதிரில் வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். எஸ்டேட் என்றால் அலுவலகத்தில் கேட்காமல் நுழையாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மேலாளர் இருக்க மாட்டார், வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். மருந்து அடிக்கிற நாளென்றால் நீங்களே போக மாட்டீர்கள்.

காட்டெருமை தேயிலைக்குள் படுத்திருக்கும். முதுகு மட்டும் தெரியும், பாறை என்று நினைத்துக்கொள்வீர்கள். கண்டால் மணி அடிக்காதீர்கள், இறங்கி நின்று வழி விடுங்கள். கரடிதான் எனக்குப் பெரிய கவலை. மாலை 5 மணிக்கு மேல் தேயிலைக்குள் இருக்கவே வேண்டாம்.

அவலாஞ்சி மழை:
இவர் ஊர்ப்பெருமை பேசினாலும் சொன்னது சரி. எங்கள் பக்கம் ஜனவரியில் விடியற்காலை உறைபனி, புல்லெல்லாம் வெள்ளை. நிழல் விழுகிற வளைவுகளில் டயர் வழுக்கும்.

பீளமேடு பெடல்:
பட்டறையில் வண்டியை விட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடியே ஒரு பேட் இரும்புத் தகடு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, மற்றது பாதிகூடத் தேயவில்லை. சிரிஞ்சில் இழுத்தபோது ஆயில் கருப்புக் காப்பி மாதிரி வந்தது. இப்போது சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. முக்கூர்த்தியை விட்டுவிட்டோம், கோத்தகிரிதான். காரில் சைக்கிளை ஏற்றி வருகிறோம், இ-பாஸ் வேண்டுமா? இறங்கும்போது மேட்டுப்பாளையம் வரை சைக்கிளிலேயே வரலாமா?

கோத்தகிரிக்காரன்:
காருக்கு இ-பாஸ் கட்டாயம், 2024 மே மாதத்திலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், சோதனைச்சாவடியில் வாங்கிக்கொள்வார்கள். மேட்டுப்பாளையம் வரை தாராளமாக இறங்கலாம், ஆனால் வெளிச்சத்தில். மே மாதமாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அப்போது குன்னூர் வழியாக ஏறிய வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாகத்தான் திருப்பி விடப்படும். பலாப்பழக் காலமும் அப்போதே தொடங்கிவிடும், குஞ்சப்பனையில் யானை நிற்கும்.

பட்டறைக்காரர்:
புதுப் பேட் போட்ட அன்றே மலை இறங்காதீர்கள். முதலில் உங்கள் தெருவில் சமதளமாகப் பார்த்து, கொஞ்சம் வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகம் வரை பிரேக் பிடித்து விடுங்கள். இருபது தடவையாவது செய்யுங்கள், முன்னும் பின்னும் தனித்தனியாக. பிடிப்பு மெல்ல மெல்லக் கூடுவது கைக்கே தெரியும்.

பீளமேடு பெடல்:
இன்று மாலையே செய்கிறேன் ஐயா. எஸ்டேட் அலுவலகத்தில் கேட்பதற்காக வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறோம், அண்ணா.