'நார்மல் பீப்பிள்': வாய் திறக்காத காட்சியில் என்ன இருக்கிறது?

கடைசிபெஞ்ச்:
எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே என்று, 2020இல் வந்த இந்த ஐரிஷ் காதல் தொடரைப் பார்த்து முடித்தேன். 12 பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம் போல. பாதி நேரம் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆறாம் பகுதியில் நாயகன் கானெலுக்கு வேலை போய்விடுகிறது, டப்ளினில் வாடகை கட்ட வழியில்லை. 'கோடை முடிகிறவரை உன் வீட்டில் இருந்துகொள்ளட்டுமா' என்று காதலி மரியானிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. கேட்கவில்லை, பிரிந்துவிடுகிறார்கள். கதையை இழுக்கப் போட்ட முட்டுக்கட்டையாகத்தான் எனக்குப் பட்டது.

நிலாமுற்றம்:
அந்த ஒரு வார்த்தைதானே கஷ்டம்! கானெலின் அம்மா, மரியான் வீட்டில் சுத்தம் செய்கிறவர். அம்மாவைக் கூட்டிப்போக வரும் கானெல் அந்தச் சமையலறையில் நிற்கிற விதத்தை முதல் பகுதியில் மறுபடி பாருங்கள். என் அம்மா துணி தைத்துக்கொடுத்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே வகுப்பு, உயிர்த்தோழிகள். காலேஜ் சேரும்போது 2000 ரூபாய் குறைந்தது. கேட்டிருந்தால் அந்த நிமிடமே கொடுத்திருப்பாள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காபி குடித்து, மழை வருமா என்று பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கானெலின் முகத்தில் அந்தத் திண்ணைதான் எனக்குத் தெரிந்தது.

கடைசிபெஞ்ச்:
உங்கள் வலி புரிகிறது தோழி. ஆனால் நீங்கள் கொண்டுவந்து நிரப்பியதை இயக்குநர் கணக்கில் எழுதாதீர்கள். தொடருக்கு மூலமான சாலி ரூனியின் நாவலில் கானெல் மனதுக்குள் ஓடுவதைப் படிக்க முடிகிறது. தொடரில் மனக்குரல் கிடையாது. திண்ணை அனுபவம் இல்லாத என்னைப் போன்றவன் என்ன செய்வது?

ஒளிஓவியன்:
மனக்குரல் வைக்காததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். குறும்படங்களுக்குக் கேமரா பிடிக்கிறவன் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். லென்னி ஆபிரகாம்சன் எடுத்த முதல் ஆறு பகுதிகளில், இருவர் நெருங்கி இருக்கும்போது பின்னணி முழுக்க மங்கிவிடும். உலகத்தில் அவர்கள் மட்டும்தான் என்று தோன்றும். மற்ற மாணவர்கள் வந்ததும் அதே கானெல், தெரியாதவன் போல அவளைக் கடந்து போவான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவனுக்கு வசனமே வேண்டாம். பத்தாம் பகுதியில், நண்பன் ராப் இறந்தபின் மனநல ஆலோசகர் முன் கானெல் உடைகிற இடத்தில் கேமரா அவனை விட்டு நகர மனமில்லாமல் நிற்கிறது. அப்புறம், ஸ்வீடனிலிருந்து மரியான் வீடியோ அழைப்பைத் துண்டிக்காமல், அவன் தூங்குவதற்குத் துணையிருப்பாளே! சரி, அங்கே மரியான் பழகும் லூகாஸோடு வரும் அந்த ஸ்வீடன் பகுதி எனக்கும் ஒட்டவில்லை. அவசரமாகக் கடந்துவிட்டார்கள்.

கடைசிபெஞ்ச்:
ஆலோசகர் காட்சியில் நானும் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அங்கே அவன் வாய் திறந்து பேசுகிறான் ஐயா! பேசியதால்தான் அது என்னைத் தொட்டது. நான் கேட்பதும் அதைத்தான்.

நிலாமுற்றம்:
பேசினான், ஆனால் யாரிடம்? மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முன்பின் தெரியாத பெண்ணிடம். கேட்க வேண்டிய கோடையில் மரியானிடம் முடியவில்லை. அந்த 2000 ரூபாயை நான் கடைசியில் தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம் வாங்கினேன். அவரிடம் கேட்க நாக்கு கூசவே இல்லை.