சாஃப்ரன்போலு: கடற்கரையில்லாத ஊருக்கு இத்தனை பெரிய வீடுகள் எப்படி வந்தன, எப்படித் தப்பின?

கோட்டையூரான்:

துருக்கி போய் வந்தவர்கள், கட்டடக்கலை படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சாஃப்ரன்போலு என்று உள்நாட்டில் ஒரு சின்ன ஊர். படங்களைப் பார்த்தால் தெருத்தெருவாக இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள், எல்லாம் பழைய காலத்தவை. ஊரையே 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் உத்தேசப் பட்டியலுக்கு, அதாவது பரிந்துரைக்கு முந்தைய பட்டியலுக்குப் போனதோடு நிற்கின்றன.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பங்காளிகளுக்குள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டு, அதாவது உள்முற்றத்துப் பகுதியைப் பிரித்து, தேக்குத் தூணையும் கதவு நிலையையும் காரைக்குடியில் விற்றுவிடலாம் என்று பேச்சு ஓடுகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. முன்னோருக்குப் படைக்கிற அடுத்த படைப்புக்கு எல்லாரும் கூடும்போது பேச வேண்டும், வெறுமனே இடிக்காதீர்கள் என்று சொன்னால் எடுபடாது. அந்த ஊருக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அந்தப் பணம் போன பிறகும் வீடுகள் எப்படி நின்றன, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

அங்காராவில் ஒரு கண்டனூரான்:

அண்ணே, நான் அங்காராவில் வேலை பார்க்கிறேன், லீவு கிடைத்தால் போகிற ஊர் இது. இங்கிருந்து வடக்கே, ரோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். கருங்கடலுக்கும் உள்நாட்டு மேட்டுநிலத்துக்கும் நடுவே மலை, அந்த மலைக்குள் ஓடைகள் அறுத்த பள்ளத்தில் பழைய கடைவீதி இருக்கிறது. பக்கத்தில் போகும் வரை கண்ணுக்கே தெரியாது, ஹிதிர்லிக் குன்றில் ஏறி நின்றால்தான் ஓட்டுக்கூரைகள் அத்தனையும் தெரியும்.

இந்த நில அமைப்புதான் ஊரின் வாழ்க்கையையே இரண்டாகப் பிரித்தது. பள்ளத்தில் குளிர்காற்றின் வேகம் குறைவு, அதனால் குளிர்காலத்தில் அங்கே குடியிருப்பார்கள். கோடை வந்தால் மேட்டில் இருக்கும் பாலார் பகுதிக்கு, தோட்டம் சூழ்ந்த இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வசதியான குடும்பம் என்றால் இரண்டு வீடு. கிரான்கோய் என்று மூன்றாவது பகுதி, அங்கே கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், கல் வீடுகள், கீழே கடை, மேலே குடித்தனம். 1923இல் கிரீசும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் அவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர்களுடைய தேவாலயம் இன்று பள்ளிவாசலாக இருக்கிறது. ஊரின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

பணம் வந்தது பாதையால். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் துருக்கியர் கைக்கு வந்தது, 13ஆம் நூற்றாண்டிலிருந்து ரயில் வரும் வரை கிழக்கு மேற்கு வணிகப் பாதையில் சரக்குக் கூட்டங்கள் தங்கிப் போகிற இடம் இது. தங்குகிற கூட்டத்துக்குச் சேணம் வேண்டும், லாடம் வேண்டும், காலணி வேண்டும், அந்தந்தத் தொழிலுக்கு ஒரு தெரு உண்டானது. தோல் பதனிடும் இடத்தை மட்டும் நாற்றத்துக்காகவும் அழுக்குத் தண்ணீருக்காகவும் ஓடையின் கீழ்ப்பக்கம் தள்ளி வைத்தார்கள். மதரசாவும் பழைய பள்ளிவாசலும் குளியல் கூடமும் 1322ஆம் ஆண்டில் எழுந்தவை. 17ஆம் நூற்றாண்டுதான் உச்சம். ஜின்ஜி ஹான் என்ற பெரிய கல் சத்திரம் 1640களில் எழுந்தது, உஸ்மானியப் பேரரசர் சுல்தான் இப்ராஹீமுக்கு நெருக்கமாக இருந்த ஜின்ஜி ஹோஜா கட்டியது, இப்போது ஓட்டல். அப்புறம் தலைமை வஸீராக, அதாவது பேரரசின் முதலமைச்சராக இருந்த கோப்ருலு மெஹ்மத் பாஷாவின் பள்ளிவாசல், அதன் பக்கத்திலேயே யெமெனி என்கிற தோல் காலணி தைப்பவர்களின் கடைவரிசை. 1790களில் தலைமை வஸீராக இருந்த இஸ்ஸத் மெஹ்மத் பாஷா இந்த ஊர்க்காரர், அவரும் ஒரு பள்ளிவாசலும் மணிக்கூண்டும் கட்டிக்கொடுத்தார். வெளியே போய்ப் பெரிய ஆளானவர்கள் ஊருக்குச் செய்வது நமக்குப் புதிதா என்ன.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி பாதையைச் சொல்லிவிட்டார், நான் வீட்டைச் சொல்கிறேன். பல வருஷம் கட்டடக்கலை கற்பித்தவள், இந்த வீடுகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தரைத்தளம் கல், அநேகமாக ஜன்னலே இருக்காது, கால்நடைக்கும் தானியத்துக்கும் விறகுக்கும். மேல்மாடிகள் மரச்சட்டம், இடையில் பச்சை மண்கல்லை நிரப்பிப் பூசிவிடுவார்கள். தெரு கோணல்மாணலாகப் போனாலும் மேல்மாடி வெளியே நீண்டு சதுரமாகிவிடும், அதனால் கீழே இடம் எப்படி இருந்தாலும் அறைகள் நேராக அமையும். நடுவில் சோஃபா என்கிற பொதுக்கூடம், நம் வளவு (நடுமுற்றம்) மாதிரி எல்லா அறையும் அதில்தான் திறக்கும், ஆனால் குளிருக்காக மேலே மூடியிருக்கும். ஆண் விருந்தாளிகளுக்கு ஒரு பகுதி, குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு பகுதி. இரண்டுக்கும் நடுச்சுவரில் சுழலும் அலமாரி ஒன்று வைப்பார்கள், பெண்கள் பக்கம் சாப்பாட்டை வைத்துத் திருப்பினால் ஆண்கள் பக்கம் வந்துவிடும், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அறைக்குள் இருக்கும் மர அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே குளிக்கிற இடம். அஸ்மஸ்லார் மாளிகையில் ஒரு அறைக்கு நடுவிலேயே குளம் கட்டியிருக்கிறார்கள், குளிர்ச்சிக்கும் ஆகும், தீப்பிடித்தால் தண்ணீருக்கும் ஆகும். ஒரு வீடு பின்வீட்டின் பார்வையை மறைக்காமல் சரிவில் படிப்படியாக ஏறுகிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

தேவகோட்டை முகப்பு:

வீடுகள் எப்படித் தப்பின என்ற இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. படைப்பில் பேச அதுதானே முக்கியம்.

1930களில் ரயில் பாதை கீழே கராபூக் வழியாகப் போனது. அங்கே 1937இல் அடிக்கல் நாட்டி 1939இல் இரும்பு உருக்காலையைத் திறந்தார்கள். சோங்குல்தாக் நிலக்கரி பக்கம், ரயில் இருக்கிறது, கடலிலிருந்து குண்டு போட்டால் எட்டாது, இதெல்லாம்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம். சாஃப்ரன்போலுவின் சத்திரத்துக்கும் சேணத்துக்கும் வேலை போனது. ஆனால் பத்து கிலோமீட்டருக்குள் ஆலை வேலை கிடைத்ததால் ஜனங்கள் மொத்தமாக ஊரைவிட்டு ஓடவில்லை, புதுக் கட்டடங்களும் கராபூக்கிலும் மேட்டுப் பகுதியிலும் எழுந்தன, பள்ளத்தை இடிக்க யாருக்கும் அவசரம் வரவில்லை. நமக்கு நடந்தது வேறு. நம்மவர்கள் வட்டித் தொழில் செய்துவந்த பர்மாவை 1942இல் ஜப்பான் படை பிடித்தது, அதற்கப்புறம் அங்கிருந்த சொத்தும் கைவிட்டுப் போனது, பிழைப்பு சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனது, வீடு பூட்டியே கிடந்தது.

அடுத்தது 1975. ஐரோப்பியக் கட்டடப் பாரம்பரிய ஆண்டு என்று அதைக் கொண்டாடியபோது அந்த ஊர் நகராட்சி அதைப் பிடித்துக்கொண்டது, அடுத்த வருஷமே பழைய பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்கள். யுனெஸ்கோ வந்தது அதற்குப் பதினெட்டு வருஷம் கழித்து. முதலில் ஊர் முடிவெடுத்தது, பட்டியல் பிறகு வந்தது. நம் ஊரில் ஒவ்வொரு வீட்டையும் அந்தந்த வீட்டுப் புள்ளிகள், அதாவது பங்குள்ள குடும்பங்கள், தனித்தனியாக முடிவு செய்கிறோம், இருபது முப்பது பேர் கையெழுத்து வேண்டும், ஒருவருக்குப் பணம் தேவைப்பட்டால் தூண் விலைக்குப் போகிறது. ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து உட்காராமல் எந்த வீடும் தப்பாது.

அங்காராவில் ஒரு கண்டனூரான்:

அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், அங்கேயும் எல்லாம் நன்றாக இல்லை. காலணிக் கடைவரிசையில் இன்று பெரும்பாலும் நினைவுப்பொருள் கடைகள்தான், கையால் தைக்கிறவர்கள் ஒரு சிலரே மிச்சம். வீடு நின்றது, தொழில் நிற்கவில்லை. நாம் செய்தால் ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்களையும் சுண்ணாம்புப் பூச்சுக்காரர்களையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.

கோட்டையூரான்:

எல்லாருக்கும் நன்றி. தேவகோட்டை அண்ணே, எங்கள் தெருவில் இன்னும் நான்கைந்து வீட்டில் இதே பேச்சு ஓடுகிறது, அவர்களையும் கூப்பிட்டுப் பேசுகிறேன். ஆச்சி, இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து தண்ணீர் இறங்குகிறது, எங்கே தொடங்குவது? தம்பி, நேரில் பார்க்கவும் ஆசை, எப்போது வரலாம்?

பள்ளத்தூர் ஆச்சி:

ஓட்டில்தான் தொடங்க வேண்டும், வேறு எதிலும் கை வைக்காதீர்கள். மழைக்கு முன்னால் நீர் இறங்கும் மூலைகளை மட்டும் பிரித்து, உளுத்த சட்டத்தை மாற்றி, அதே ஓட்டைத் திருப்பி வேயச் சொல்லுங்கள். சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாராகப் பாருங்கள். அந்தச் செலவை எழுதிக்கொண்டு படைப்புக்குப் போங்கள், மரம் விற்றால் கிடைக்கும் தொகையையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அங்காராவில் ஒரு கண்டனூரான்:

அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். குங்குமப்பூ எடுக்கிற நேரம், விடியற்காலையில் பறிப்பார்கள். அங்காராவிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும், கிரான்கோயில் இறங்கிப் பழைய கடைவீதிக்குச் சின்ன வேனில் இறங்கலாம். வருகிற தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள் அண்ணே, நானும் வருகிறேன்.