புதுப்பிப்பு: விசாவும் மாணவர் நிலையும்

அமெரிக்க விசா கிடைத்தவுடனே மாணவர் நிலையும் (அங்கே மாணவராகத் தங்குவதற்கான சட்டத் தகுதி) வந்துவிடுமா என்று சென்ற மாதம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருந்தேன். வராது என்றவர்கள் சொன்னதே சரி. விசா வாசல்வரை செல்வதற்குத்தான். குடிநுழைவு அதிகாரி எஃப்-1 என்னும் மாணவர் பிரிவில் உள்ளே அனுமதிக்கும்போதே அந்நிலை தொடங்குகிறது. கொச்சியிலிருந்து அபுதாபி வழியாகச் சென்ற மகளுக்கு அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அபுதாபியிலேயே நடந்ததால், பெரிய பெட்டிக்குள் போகவிருந்த பல்கலைக்கழகம் தந்த ஐ-20 என்னும் சேர்க்கைப் படிவத்தை அவள் அம்மா கடைசி நேரத்தில் கைப்பையில் திணித்தது எவ்வளவு நல்லதாயிற்று! அப்படிவத்திலுள்ள தொடக்க நாளுக்கு 30 நாள்களுக்கும் மேல் முன்னதாக நுழைய இயலாது என்பதால், அவசரப்பட்டு எடுத்த பயணச்சீட்டை மாற்றவும் நேர்ந்தது (தவறு என்னுடையதே). இறங்கிய அன்றே ஐ-94 என்னும் நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்து, பெயரும் பிரிவும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டாள். இனி பல்கலைக்கழகம் அவள் வருகையைச் சேவிஸ் என்னும் அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் தரவுத்தளத்தில் பதிய வேண்டும். திங்களன்று அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.