மறுமொழி: ஃபீனாலஜிக்கல் மிஸ்மேட்ச், தமிழில் எப்படி?

> 'பருவப் பொருத்தமின்மை' போதுமே. எல்லோருக்கும் புரியும்.

வணக்கம். ஒன்றை ஒன்று நம்பி வாழும் உயிர்களின் பருவ நேரங்கள் ஒத்துப்போகாமல் போவதற்குத்தான் இங்கே சொல் தேடுகிறோம். 'பருவப் பொருத்தமின்மை' என்றால் புரியும்தான். ஆனால் இதை வைத்து நாலு வாக்கியம் எழுதிப் பார்த்தால் சிக்கல் தெரியும்.

நெதர்லாந்தின் ஹோகே வெலுவே காட்டையே எடுத்துக்கொள்வோம். ஓக் மரம் துளிர்விடும் நேரத்தில் குளிர்கால அந்துப்பூச்சியின் முட்டை பொரிய வேண்டும். முந்திப் பொரிந்தால் தின்ன இலை இருக்காது. புழு சில நாளுக்கு மேல் தாங்காது. பிந்தினால் இலை முற்றி, டானின் என்கிற துவர்ப்புப் பொருள் ஏறிவிடும். அந்தப் பச்சைப் புழுக்கள் கொழுத்துக் கிடக்கும் கொஞ்ச நாளுக்குள் பட்டாணிக்குருவி தன் குஞ்சுகளை வளர்த்தாக வேண்டும். வசந்தம் சூடாக ஆக எல்லாமே முன்னே நகர்கின்றன, ஆனால் ஒரே அளவில் அல்ல.

கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் பாடு இன்னும் மோசம். குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிற பறவை அது. ஐரோப்பாவில் இந்த வருடம் இலை சீக்கிரம் விட்டது என்று அதற்கு யார் சொல்வது? பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். வந்ததும் அவசரமாக முட்டையிட்டாலும் பல இடங்களில் ஈடுகட்ட முடியவில்லை. 2006இல் வந்த ஆய்வின்படி, புழுப் பருவம் ரொம்பவே முந்திய காடுகளில் இந்தப் பறவை இருபது ஆண்டில் சுமார் 90 சதவீதம் குறைந்திருக்கிறது.

ஆக, இங்கே அளக்கப்படுவது நாள் கணக்கு. அது கூடும், குறையும். 'பொருத்தமின்மை' உண்டா இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. (கல்யாணத் தரகர் ஞாபகம் வருவது வேறு விஷயம்.)

> 'பட்டந்தப்பல்'? 'பட்டம் தப்பினால் நட்டம்' என்று பழமொழியே இருக்கிறது.

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடிப்பட்டத்தைத் தவறவிடுவது விவசாயி. இங்கே பறவை தன் வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தது, இரை முந்திக்கொண்டது. யார் மேலும் தப்பு ஏற்றாத சொல்தான் சரி. புள்ளியியலில் 'திட்ட விலகல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் 'பருவ விலகல்' என்கிறேன். எண்ணோடும் ஒட்டும், முன்விலகல் பின்விலகல் என்றும் பிரிக்கலாம்.

*

மறுமொழி:

'விலகல்' எனக்கும் சம்மதம். முன்னால் 'பருவ' போட்டால் மட்டும் பருவமழை தள்ளிப்போனதைச் சொல்வதாகப் படிப்பார்கள். இரண்டு உயிர்களுக்கு இடையே என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். சேர்ந்து நடப்பதற்குப் 'பருவ இசைவு' என்று வைத்தால், தவறுவது 'இசைவு விலகல்'.

உங்கள் அந்துப்பூச்சியிடமே சோதித்துவிட்டேன்: "1990களில் ஓக் துளிர்ப்பதற்குப் பல நாள் முன்பே முட்டைகள் பொரிந்தன. பிந்திப் பொரிபவை பிழைத்துப் பெருகியதால் பிறகு இசைவு விலகல் சுருங்கியது." தடங்கலில்லாமல் ஓடுகிறது.

இன்னொன்று. பறவைக்காரர்களுக்கு முன்னால் இதைப் பேசியது மீன்வளத் துறை. மீன்குஞ்சு பொரியும் நேரமும் மிதவை உயிரிகள் பெருகும் நேரமும் சேர்ந்தால்தான் அந்த வருடத்துக் குஞ்சுகள் தேறும் என்றவர் டேவிட் குஷிங். அவருடைய மேட்ச்-மிஸ்மேட்ச் கருதுகோளுக்கு 'இசைவு-விலகல் கருதுகோள்' அப்படியே பொருந்துகிறது. விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுவதற்கு முன் மீன்வளம் படித்தவர்கள் யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். அங்கே 'இசைவு' வேறு எதற்காவது ஏற்கெனவே புழங்குகிறதா?