'எரிவாயு வண்டி' வேண்டாம்: பண்ணையுந்து, நெடுவடி பேட்டரி, இழுபடுநிலை

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பண்ணைகளில் வைக்கோல் கட்டு, வேலிக்கம்பம், தீவன மூட்டை எல்லாம் ஏற்றித் திரியும் சிறு நாற்சக்கர வண்டியை யூட்டிலிட்டி கார்ட் என்கிறார்கள். இந்த வண்டிகளைப் பற்றி நாம் தமிழாக்கும் கையேட்டின் வரைவில் அது 'பயன்பாட்டு வண்டி' ஆகியிருக்கிறது. பயன்படாத வண்டியை யார் விற்கப்போகிறார்கள்? இன்னொரு சிக்கலும் உண்டு. புல்வெட்டும் டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இரண்டு சக்கரப் பெட்டிக்கும் அங்கே அதே பெயர்தான். நம் விவசாயிக்கு அது டிரெய்லர். அதை அப்படியே விட்டுவிட்டு, தானே ஓடுவதற்கு மட்டும் 'பண்ணையுந்து' என்று வைக்கலாம். பேருந்து, சரக்குந்து வரிசையில் ஒட்டிக்கொள்ளும்.

கேஸ் கார்ட் என்பதற்கு வரைவில் உள்ள 'எரிவாயு வண்டி'யை உடனே நீக்க வேண்டும். அமெரிக்கர் கேஸ் என்று சொல்வது கேசொலினை, அதாவது பெட்ரோலை. கேஸ் ஆட்டோவைப் பார்த்துப் பழகியவர் இதைப் படித்தால் சிலிண்டர் எங்கே என்றுதான் தேடுவார். மின் பண்ணையுந்து, பெட்ரோல் பண்ணையுந்து: இவை போதும்.

---

> பண்ணையுந்து

ஏற்கிறேன். கல்லூரி வளாகத்திலும் ஓடுகிறதே என்று யாராவது கேட்டால், மகிழுந்து துக்க வீட்டுக்கும்தானே போகிறது.

'ஆழ்சுழற்சி பேட்டரி'தான் எனக்கு உறுத்துகிறது. டீப் சைக்கிள் என்பதில் சுழல்வது எதுவும் இல்லை. ஏற்றி இறக்குவதைத்தான் சைக்கிள் என்கிறார்கள். 'ஆழ்' என்று படிப்பவர் அடிவரை வடிக்கலாம் என்று நினைப்பார். ஈய-அமில பேட்டரிக்கு அதுவே சாவு. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினாலோ, இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் போட்டுவைத்தாலோ தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுக் கொள்ளளவு குறைந்துவிடும். காரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி நொடிப்பொழுதில் பெரும் மின்னோட்டத்தைக் கொட்டுவது; இது மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுப்பது. வேறுபாடு நேரத்தில் இருப்பதால் 'நெடுவடி பேட்டரி' என்கிறேன். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் இந்த இனம்தான் என்று ஒரு வரி சேர்த்தால் வாசகர் பிடித்துக்கொள்வார்.

அளவுகளையும் எழுதிவிடுவோம். 6 வோல்ட், 225 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட், 10.8 கிலோவாட்-மணி. ஒன்று ஏறக்குறைய 28 கிலோ. எட்டும் சேர்ந்து 224. பாதிதான் எடுக்கலாம் என்றால் கையில் 5.4. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 8.9 கிலோவாட்-மணி இருந்தாலும், சிறு எஞ்சின் அதில் கால் பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிது. ஆக, கால் டன் ஈயமும் இரண்டு, இரண்டரை லிட்டர் பெட்ரோலும் ஒரே வேலைதான் செய்யும்.

காய்ச்சிவடித்த நீரை முழுச் சார்ஜுக்குப் பிறகே நிரப்ப வேண்டும். முன்னதாக, தகடு மூழ்கும் அளவு மட்டும். நிரம்ப ஊற்றிவிட்டுச் சார்ஜ் போட்டால் அமிலம் பொங்கி முனைகளை அரிக்கும்.

---

இருவருக்கும் நன்றி. உண்மையான விபத்து வேறு சொல்லில் இருக்கிறது. பல மின் மாதிரிகளில் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் டோ, மறுபக்கம் ரன். வரைவில் 'இழு / ஓடு'.

டிரெய்லர் மாட்டிய பணியாள் 'இழு' என்பதைப் பார்த்தால் என்ன செய்வார்? அந்தப் பக்கம் தள்ளுவார். வண்டி நகராது. டோ என்பது இந்த வண்டி எதையோ இழுப்பதற்கல்ல. இன்னொரு வண்டி இதை இழுத்துப்போவதற்கு. ஓட்டநிலையிலேயே வைத்து இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தைப் பிடிக்கும், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் எரியக்கூடும். பேட்டரிக் கம்பியைக் கழற்றும் முன்பும் சுவிட்ச் டோ பக்கம்தான் இருக்க வேண்டும்.

தமிழில் 'படு' இருக்கும்போது இந்தக் குழப்பம் எதற்கு? 'இழுபடுநிலை / ஓட்டநிலை'. சுவிட்ச் சிறியது, எழுத்து அதிகம் என்பவர்கள் 'இழுபடு / ஓடு' என்று ஒட்டட்டும்.

---

இழுபடுநிலை அருமை, ஐயா. மூன்று சொல்லையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

எதை வாங்குவது என்ற பத்தியையும் இதே சொற்களில் திருத்தினேன். தொழுவத்துக்கும் வைக்கோல் கொட்டகைக்கும் நாளெல்லாம் குறுநடை போவதற்கு மின் பண்ணையுந்துதான். குதிரை மிரளாது, மூடிய கொட்டகைக்குள் புகை இல்லை, நின்ற இடத்திலேயே முழு முறுக்குவிசை. ஆனால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அந்த இடத்தில் காற்றோட்டம் வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற இடத்தில் உறைகுளிரில் ஈய-அமிலத்தின் கொள்ளளவு குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைச் சூடேற்றாமல் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. மின்கம்பி எட்டாத வேலியோரத்தில் அரைநாள் பளு இழுக்க வேண்டுமானால் பெட்ரோல். அதில் எத்தனால் கலந்த எரிபொருளை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டர் துளையைப் பிசின் அடைத்துவிடும். நெடுநாள் நிறுத்தும் முன் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். மேட்டில் பளுவோடு ஏறும்போது தாழ்கியர் போடாவிட்டால் பெல்ட் வழுக்கிப் பளபளத்துப் போகும்.

இந்தப் 'பளபளத்தல்', பெல்ட்டின் மேற்பரப்பு சூட்டில் கெட்டிப்பட்டு வழவழத்துப் பிடிப்பிழக்கும் கிளேசிங்குக்கு நான் தற்காலிகமாகப் போட்டது. மெருகேறியது என்று எழுதினால் வாசகர் மகிழ்ந்துவிடுவார். மெக்கானிக்குகளிடம் பழக்கமுள்ளவர்கள் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.