கோழி கேட்டால் தெருவைக் காட்டினார்

ஹாங்காங்கில் வேலைக்குப் போன புதிது. ஷாம் சுய் போ பக்கம் ஒரு கடை. வாட்டிய வாத்தும் கோழியும் கண்ணாடிக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும். "காய்" என்று நன்றாக இழுத்துக் கேட்டேன். கடைக்காரர் வெட்டுக்கத்தியாலேயே வாசலைக் காட்டிச் சிரித்தார். ஹாங்காங்கில் பேசும் சீனமொழியான கான்டனீஸில் 'காய்' என்றால் தெரு. கோழிக்கு 'கை'! இரண்டுக்கும் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், ஒன்றே: உயர்ந்து சமமாக நிற்கும் முதல் தொனி. வித்தியாசம் முழுக்கக் குறில் நெடிலில்தான்.

ஆங்கில எழுத்தை நம்பியதுதான் தப்பு. ரயில் நிலையப் பலகைகளில் தாய் போ, லை சி கோக் இரண்டின் முதல் அசைக்கும் 'ஏ', 'ஐ' (ai) என்று அதே இரண்டு எழுத்துகள். பேச்சில் முன்னது நெடில், பின்னது குறில். அன்றிரவே நோட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுத ஆரம்பித்தேன்: சாம் மூன்று, சம் இதயம். தொனியில் இன்றும் சொதப்புவேன். குறில் நெடிலில் மட்டும் அப்புறம் யாரும் என்னைத் திருத்தியதில்லை.

பதில்: அண்ணே, அந்தக் கொடுப்பினை பெய்ஜிங்கில் கிடையாது. இங்கே பேசும் மாண்டரின் சீனத்தில் குறில் நெடில் பேதமே இல்லை. என்னைக் கவிழ்த்தது 'லூ'. சிக்னலில் பச்சை விழுந்ததும் டாக்ஸிக்காரரிடம் பெருமையாக "லூ தெங்" என்றேன். அவர் தலையைத் தூக்கித் தெருவிளக்கைப் பார்த்தார். நான் சொன்னது அதைத்தான். பச்சை விளக்குக்கு வேண்டிய உயிர் நம்மிடம் இல்லை. நாக்கை 'ஈ'யிலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ'வாகக் குவிக்க வேண்டும். கண்ணாடி முன்னால் ஒரு வாரம் குவித்தேன், பக்கத்து அறைக்காரர் என்ன நினைத்தாரோ. போனில் பின்யினில் (சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) இந்தச் சொல்லைத் தட்டும்போதும் அந்த ஒலிக்குத் தனி விசை கிடையாது, 'வி'யைத்தான் தட்ட வேண்டும்.

பதில்: நான் பினாங்கு. இங்கே பேசும் சீனம் ஹொக்கியன். அதில் மூக்கால் ஒலிக்கும் உயிர்கள் உண்டு; மூன்று என்பதே அப்படி ஒரு 'சா'. சின்ன வயதில் அப்பா கோப்பி வாங்கிவர அனுப்புவார். பள்ளியில் வாசிக்கிற மாதிரி "சான்" என்று நாக்கை ஒட்டி அழுத்துவேன், கடை அங்கிளுக்குப் புரியாது. "அவன் வந்தான்" என்று வீட்டில் சொல்லும்போது கடைசி 'ன்' மூக்கோடு நின்றுவிடுகிறதே, ஒருநாள் அப்படி விட்டுப் பார்த்தேன். மூன்று கோப்பியும் வந்தது.